30,000 டாலரில் ஷெவெல் எஸ்எஸ் செய்ய முடியுமா?

ஷெவெல் தெரியாதவர்களுக்கு: அது ஷெவர்லே நிறுவனம் விற்ற நடுத்தர அளவு கார். எஸ்எஸ் என்பது அதன் ஸ்போர்ட்ஸ் வகை, மாலிபு என்பது அதே ஷெவெலின் இன்னொரு வகை, 454 போன்ற எண்கள் எஞ்சினின் கன அங்குல அளவு. கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 1970 ஷெவெல் எஸ்எஸ் 454 மேல் எனக்குப் பல வருட ஆசை. அசல் வாங்க வசதியில்லை. கையில் 30,000 டாலர் இருக்கிறது. இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. வெல்டிங் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். பக்கத்து ஊரில் வினைல் கூரை போட்ட 1972 மாலிபு ஒன்று 9,500 டாலருக்கு நிற்கிறது. அதை வாங்கி எஸ்எஸ் 454 போல மாற்றலாமா?"

மாற்றலாம் தம்பி. ஆனால் அதை 1970 ஆகவும் மாற்ற வேண்டாம், 454 ஆகவும் மாற்ற வேண்டாம். 1972 காரை 1972 எஸ்எஸ் ஆகவே செய்யுங்கள், சின்ன வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு. அந்தக் குறிப்பிட்ட காரைப் பொறுத்தவரை, பின் கண்ணாடியின் கீழ் மூலைகளைப் பார்க்காமல் ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில். பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினாறு வருடமாக வேலை. 1972 மாலிபு ஒன்றை மூன்றரை வருடம் உட்கார்ந்து எஸ்எஸ் ஆக்கினேன். நண்பர்களின் இரண்டு கார்களிலும் கை வைத்திருக்கிறேன். கீழே வரும் செலவுக் கணக்கெல்லாம் என் நோட்டில் எழுதி வைத்தவை. உங்கள் ஊரில், இன்றைய விலையில் கூடக்குறைய இருக்கும்.

முதலில் 1970 ஏன் அவ்வளவு விலை என்று பார்ப்போம். நடுத்தர அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. 1970 மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். உடனே ஷெவெலில் 454 ஏறியது. அதில் எல்எஸ்6 என்ற வகை 450 குதிரைத்திறன், 11.25 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை அழுத்தும் விகிதம்). ஷெவெலின் பிக்கப் வடிவமான எல் கமினோவையும் சேர்த்து ஏறத்தாழ 4,500 வண்டிகளுக்குத்தான் அந்த எஞ்சின் போனது. அடுத்த வருடமே ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தயாராக ஜி.எம். தன் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் கம்ப்ரஷனைக் குறைத்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்களும் இந்தக் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றிவிட்டன. அதனால் 1970 என்பது ஒரு சிகரம்போல நின்றுவிட்டது. சிகரத்துக்குச் சிகர விலை. அந்த வருடத்துச் சாதாரண மாலிபுகூட, எஸ்எஸ் நகலுக்கு ஆகும் என்ற ஒரே காரணத்தால் விலை ஏறிக் கிடக்கிறது.

இப்போது 1972-க்கு வாருங்கள். எஸ்எஸ் என்பது அப்போது தனி மாடல் இல்லை, இசட்15 என்ற ஆப்ஷன். 1969, 1970 வரை எஸ்எஸ் வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் கட்டாயம். 1971-ல் 350-ஐயும் அனுமதித்தார்கள். 1972-ல் 307 உட்பட எந்த வி8 எஞ்சினோடும் எஸ்எஸ் வாங்கலாம் என்றாகிவிட்டது. அந்த இரண்டு வருடங்களில் 350 எஞ்சினோடு வந்த எஸ்எஸ் கார்களின் முன் மட்காடில் வெறும் 'எஸ்எஸ்' என்ற இரண்டு எழுத்துதான் இருக்கும், எண் இருக்காது. 454-க்கு மட்டும்தான் எண். இதன் பொருள் என்ன தெரியுமா? சின்ன வி8 போட்ட 1972 மாலிபுவில் வெறும் 'எஸ்எஸ்' சின்னம் ஒட்டினால், தொழிற்சாலையே அப்படி ஒரு காரைச் செய்து விற்றிருக்கிறது. உங்கள் கார் பானெட்டைத் திறக்கும்போது எதையும் மறைக்க வேண்டியதில்லை. 454 சின்னம் ஒட்டிவிட்டு உள்ளே வேறு எஞ்சின் வைத்திருப்பவரிடம் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் யாராவது ஒருவர் வந்து கேட்பார், ஒவ்வொரு முறையும் அவர் விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்று. 1972 மாடலில் வாகன அடையாள எண்ணின் ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். எஃப் என்றால் 307, எச் என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 350, ஜே என்றால் நான்கு பேரல் 350, யூ என்றால் 402, டபிள்யூ என்றால் 454. அந்த வருடம் 454 எஸ்எஸ்ஸில் மட்டுமே வந்ததால், டபிள்யூ இருந்தால் அது உறுதியாக அசல் எஸ்எஸ் 454. உங்கள் காரில் எஃப் இருந்துகொண்டு மட்காடில் 454 இருந்தால், டாஷ்போர்டின் இடது மூலையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற எவருக்கும் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

சரி, துருவுக்கு வருவோம். இந்த வேலையில் பணம் போவது எஞ்சினில் இல்லை, தகரத்தில். புதிதாக வருகிறவர்கள் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். ஓடாத எஞ்சினை ஒரு சனிக்கிழமையில் இறக்கி வேறு ஒன்றை ஏற்றலாம். அழுகிய உடம்புக்கு அப்படி ஒரு சனிக்கிழமை கிடையாது.

இந்தக் காரில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் துரு எங்கே இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். பின் கண்ணாடியைச் சுற்றி ஒரு குரோம் பட்டை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளத் தகரத்தில் சின்னச் சின்னக் குமிழ்களை வெல்டு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழ்களின் அடியில்தான் முதல் துளை விழும். மழை அதன் வழியாகக் கண்ணாடியின் கீழ்ப் பள்ளத்தில் தேங்கும். வினைல் கூரை இருந்தால் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் விடாது. பள்ளம் அரித்ததும் தண்ணீர் டிக்கிக்குள் சொட்டும். டிக்கித் தரை இரண்டு பக்கமும் சரிந்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குழியாக முடிகிறது. தண்ணீர் அங்கே போய் நிற்கும். அந்தக் குழி அழுகினால் அடுத்தது வெளித் தகரம். ஆக, பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், நோய் அங்கே பிறந்ததில்லை, மேலே கண்ணாடி மூலையில் பிறந்தது. கொப்புளத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி வரும்.

நான் முதலில் வாங்கப் போன கார் இதே போல வினைல் கூரைதான். விற்றவர் நல்ல மனிதராகத் தெரிந்தார், பெயின்ட் பளபளவென்று இருந்தது. கூரையின் பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். துணிக்கடியில் மொறுமொறுவென்று ஒரு சத்தம், பொரி மிதித்தது போல. தகரம் அங்கே இல்லை, துருத்தூள்தான் இருந்தது. அந்த ஒரு அழுத்தல் எனக்குக் குறைந்தது ஆறாயிரம் டாலர் மிச்சப்படுத்தியது. பிறகு அரிசோனாவிலிருந்து வந்த காரை 11,500 கொடுத்து வாங்கினேன். வெயிலில் சீட்டும் டாஷ்போர்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன, ஆனால் தரை அப்படியே இருந்தது. மிச்சிகனிலும் ஒஹையோவிலும் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்பில் ஓடிய 9,500 டாலர் காரைவிட, வறண்ட மாநிலத்திலிருந்து வந்த 11,500 டாலர் கார் மலிவு.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: முன் மட்காடின் அடிப்பகுதி, கண்ணாடிக்கு முன்னால் காற்று போகும் கம்பிவலைக்குக் கீழே இலை அடைத்துக்கொள்ளும் பெட்டி, ஓட்டுநர் கால் வைக்கும் தரை, உடம்பையும் சேசிஸையும் சேர்க்கும் ரப்பர் தாங்கிகள், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம். கடைசியாகச் சொன்னது முக்கியம். அங்கே மண் சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். சேசிஸ் பொத்தென்று கேட்டால் பேரம் பேச வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுங்கள். பட்டி பூசியதைக் கண்டுபிடிக்க, மெல்லிய ஃபிரிட்ஜ் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் கீழ்த் தகரங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது.

வெல்டிங் கற்றுக்கொள்ளத் தயார் என்றீர்களே, நல்லது. இதை நீங்களே செய்தால்தான் இந்த பட்ஜெட்டில் கார் முடியும். மிக் வெல்டர் (கம்பியைத் தானாகத் தள்ளும் வெல்டிங் கருவி), 0.6 மில்லிமீட்டர் கம்பி, முக்கால் பங்கு ஆர்கான் கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. இந்தக் காரின் தகரம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர்தான். கனமான இரும்புப் பட்டையில் பயிற்சி எடுக்காதீர்கள், அது கையை ஏமாற்றிவிடும். பழைய கார் உடைக்கும் யார்டில் ஒரு கதவு வாங்கி வந்து, அதை வெட்டி வெட்டி ஒட்டிப் பழகுங்கள்.

செய்முறை இதுதான். ஒட்டுத் தகரத்தைப் பொருத்தி ஒரு புள்ளி வையுங்கள். ஒரு விநாடிக்கும் குறைவு. அடுத்த புள்ளியை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு மறுமுனைக்குப் போங்கள். கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகே முதல் புள்ளிக்குப் பக்கத்தில் வர வேண்டும். இப்படியே புள்ளிகள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் கோடாகும். ஒரு அடி நீளத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. ஒருநாள் மாலை பொறுமையிழந்து இடது பின் தகரத்தில் நீளமாக இழுத்துவிட்டேன். கண் முன்னாலேயே தகரம் அப்பளம்போல நெளிந்தது. அதைச் சுத்தியலால் சரிசெய்யப் பார்த்து, முடியாமல், முழுதாக வெட்டியெடுத்து புதுத் தகரம் வாங்கி மறுபடி செய்தேன். ஒரு மாதமும் 240 டாலரும் போனது.

தகரம் ஒட்டுவதற்கு முன் கதவையும் டிக்கி மூடியையும் மாட்டி, இடைவெளிகளைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். கார் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், அல்லது ஆக்சில்களுக்குப் பக்கத்தில் தாங்கியிருக்க வேண்டும். நடுவில் முட்டுக்கொடுத்து வெல்டு செய்தால், இறக்கியதும் கதவு மூடாது. வேலை தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கை இறக்கிக் கராஜுக்கு வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

டேங்கை இறக்கும்போது அதன் மேல்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்தக் காருக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சடித்த தாளை அங்கே விட்டுவிடுவது வழக்கம், சில சமயம் பின் சீட்டு ஸ்பிரிங்கில் செருகியிருப்பார்கள். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்கு நிறுவனத்திடம் தனிக்கார் பதிவேடு கிடைக்காது. போன்டியாக்குக்குக் கிடைக்கும், கனடாவில் விற்ற ஜி.எம். கார்களுக்குக் கிடைக்கும். ஆகவே அந்தத் தாள்தான் உங்கள் காரின் பிறப்புச் சான்றிதழ். பாதி கிழிந்திருந்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

இனி எஞ்சின். உங்கள் மனம் 454-ல் இருக்கிறது, தெரியும். பட்ஜெட்டில் கார் செய்கிறவருக்குப் பெரிய எஞ்சின் ஒரு பொறி. எஞ்சின் விலையோடு நிற்காது. முன் ஸ்பிரிங் மாற வேண்டும், ரேடியேட்டர் மாற வேண்டும், எஞ்சின் தாங்கிகள், எக்ஸாஸ்ட், எல்லாம் மாற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கே இது முதலில் ஆச்சரியமாக இருந்தது. 1971 வரை குதிரைத்திறனை எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்து விளம்பரம் செய்தார்கள். 1972-ல் இருந்து காரில் பூட்டியிருக்கும் நிலையில் அளந்து சொன்னார்கள். அந்த முறையில் 1972-ன் 454 எஞ்சின் 270 குதிரைத்திறன். இன்று யார்டில் நசுங்கிக் கிடக்கும் 2000 முதல் 2002 வரையிலான ஷெவர்லே சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் எஞ்சின், அதே முறையில், 285. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், குளிர்காலக் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும். நான் போட்டது அதைத்தான்.

தேடும்போது டிரக்கின் அடையாள எண்ணில் எட்டாவது எழுத்து டி (டெல்டாவில் வருவது இல்லை, டெக்சஸில் வருவது) என்றிருக்க வேண்டும். அதுதான் எல்எம்7, இரும்பு பிளாக். 2000 முதல் 2002 வரையிலான டிரக்காகப் பாருங்கள். அவற்றில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் மின்சாரப் பெடல், கூடுதல் வேலை. சிலிண்டர் ஹெட்டில் 706 என்ற வார்ப்பு எண் இருந்தால் ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். அந்த எண் கொண்ட ஹெட்களில் ஒரு பகுதி உள்ளே விரிசல் விட்டு கூலன்ட் ஆயிலில் கலக்கும். பால்போல வெள்ளை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், ஒயரிங், பெடல் வரை எல்லாவற்றையும் ஒரே டிரக்கிலிருந்து எடுங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் செலவும் தலைவலியும் இரட்டிப்பு. எனக்கு எல்லாம் சேர்த்து 1,500 டாலர் ஆனது.

ஏற்றுவது எப்படி என்றால்: பழைய தாங்கிகளுக்கும் புது எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தட்டு போட்டால் உட்கார்ந்துவிடும். டிரக்கின் ஆயில் சம்ப் மிகவும் கீழே தொங்கும், ஷெவெலுக்கு ஏற்ற சம்ப் தனியாக வாங்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் வேண்டும், ஆகவே டேங்குக்குள் மின்சாரப் பம்ப் வைத்த புது டேங்க் வாங்குங்கள். வெளியே தொங்கவிடும் பம்ப் மலிவு, ஆனால் சத்தமும் சூடும் அதிகம். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பி இரண்டு விநாடியில் நின்றுவிடும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் கார்டன் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். இந்தச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் 3,600 ஆனது. எஞ்சின் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல், கவனியுங்கள்.

கார்புரேட்டரின் வாசனையும் அதிர்வும்தான் வேண்டும் என்றால் 350 சின்ன பிளாக்கைப் புதுப்பித்துப் போடுங்கள். அதுவும் நல்ல முடிவு, வேலை எளிது, எதையும் வெட்ட வேண்டாம். ஒரே எச்சரிக்கை: வால்வுகளைத் திறக்கும் அந்தக் காலக் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அது குறைவு. பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் ஆயிலை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கேமின் மேடு தேய்ந்துவிடும்.

என் தொழில் பிரேக் என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1972 மாலிபுவில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வருவதுதான் சாதாரணம். எஸ்எஸ்ஸுக்கு முன் சக்கரங்களில் பவர் டிஸ்க் கட்டாயமாக வந்தது. கிட்டத்தட்ட 1,600 கிலோ கார், 285 குதிரைத்திறன், டிரம் பிரேக். ஒருமுறை வேகமாக நிறுத்தினால் நிற்கும், மூன்றாவது முறை சூட்டில் பிடி தளர்ந்துவிடும். எஞ்சினில் கை வைப்பதற்கு முன்பே டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுங்கள். டிஸ்க் பிரேக்குக்கான முன் அச்சுக்கட்டை 1969 முதல் 1972 வரை ஷெவெல், போன்டியாக் லெமான்ஸ், ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் உடைத்த கார்களிலிருந்து கிடைக்கும், புது கிட்டும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். ஐம்பது வருட ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களையும். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் சேர்த்து எனக்கு 2,300 ஆனது. இந்தத் தலைப்பில் பேரம் பேசாதீர்கள்.

ஒயரிங்கையும் முழுதாக மாற்றிவிடுங்கள். முந்தைய உரிமையாளர்கள் ஐம்பது வருடமாக ஒட்டுப்போட்ட ஒயரில் ஒரு நாள் டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும்.

பெயின்ட்டில் நான் பணம் மிச்சப்படுத்தியது எப்படியென்றால், பட்டி, தேய்ப்பு, பிரைமர் வரை நானே செய்து, கடைசி மூன்று கோட் மட்டும் வெளியே கொடுத்தேன். வெறும் தகரத்தில் நேராகப் பட்டி பூசாதீர்கள். முதலில் எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி. பெயின்ட் கடைகளில் கார் மாதக்கணக்கில் தூங்கும். என்னுடையது மூன்று வாரம் என்று சொன்ன இடத்தில் பதினோரு மாதம் நின்றது. தவணையாகப் பணம் கொடுங்கள், தேதியை எழுதி வாங்குங்கள். நீங்களே அடிக்க முடிவெடுத்தால், இரண்டு பொருள் கலந்து அடிக்கும் யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். இது நுரையீரல் விஷயம்.

எஸ்எஸ் சாமான்கள் கடைசி. மேடு வைத்த பானெட், அதைப் பூட்டும் ஊசிகள், கறுப்பு கிரில், சின்னங்கள், கறுப்புக் கோடுகள், சாம்பல் நிற ஐந்துகால் 15 அங்குல சக்கரம். எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆகவே அவசரப்பட்டு முதலில் வாங்கி வைக்காதீர்கள். வட்ட மீட்டர்கள் கொண்ட எஸ்எஸ் டாஷ்போர்டுக்கு ஒரு வழி இருக்கிறது: அதே வருடங்களின் ஷெவர்லே மான்டே கார்லோ காரிலும் அதே வட்ட மீட்டர் அமைப்புதான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பென்சில்வேனியாவின் கார்லைலில் பழைய சாமான் சந்தை கூடும், கொலம்பஸிலிருந்து ஒரு நாள் ஓட்டம். எனக்கு அங்கேதான் டாஷ்போர்டு கிடைத்தது, கண்ணாடி உடையாமல், 310 டாலருக்கு.

மொத்தக் கணக்கு: கார் 11,500. தகரங்கள் 2,100, வெல்டிங், தேய்ப்புச் சாமான் 900. பெயின்ட் 5,200. எஞ்சினும் கியர்பாக்ஸும் 1,500, அதைப் பொருத்த 3,600. பிரேக், சஸ்பென்ஷன் 2,300. ஒயரிங், சீட்டுத் துணி, கார்பெட் 2,700. எஸ்எஸ் சாமான் 1,700. சக்கரம், டயர் 1,400. கூட்டினால் 32,900. நான் தொடங்கும்போது 25,000 என்று போட்டிருந்தேன். கருவிகள் இதில் இல்லை. உங்கள் 30,000-ல் முடிக்க வேண்டுமென்றால் எஸ்எஸ் சாமான்கள் எல்லாவற்றையும் புதுச் சக்கரங்களையும் டயர்களையும் இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள், பிரேக்கையோ ஒயரிங்கையோ அல்ல.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓட்ட மட்டும்தான் கார் வேண்டும், செய்வதில் ஆசை இல்லை என்றால், வேறொருவர் செய்து முடித்த 1971 அல்லது 1972 எஸ்எஸ் நகலை வாங்குவது மலிவு. அவர் போட்ட பணத்தில் ஒரு பகுதியைத்தான் விற்கும்போது எடுப்பார், நகல் காரின் சந்தை அப்படி. நான் செய்தது இரவு பத்து மணிக்குக் கராஜில் அந்த விளக்கடியில் நிற்பது எனக்கு வேண்டியிருந்ததால். உங்களுக்கும் அப்படியா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். மூன்று வருடச் சனி ஞாயிறுகளில் வீட்டாரின் சனி ஞாயிறும் சேர்த்தி.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. அடையாள எண் தகட்டைக் கழற்றுவது, வேறு காரின் தகட்டை மாட்டுவது, எஞ்சினில் வேறு எண் அடிப்பது, எதையும் செய்யாதீர்கள், செய்தவரிடமிருந்து வாங்காதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் மத்திய சட்டப்படிக் குற்றம். வாங்கும்போது தகட்டையும் டைட்டிலையும் (உரிமைப் பத்திரம்) எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என்றாவது விற்றால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'நகல்' என்று எழுதுங்கள். இன்சூரன்ஸை, ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பணம் தரும் பழைய கார் திட்டத்தில் எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்தானால் அதை ஐம்பது வருடப் பழைய மாலிபுவாகத்தான் மதிப்பார்கள். பழைய கார் திட்டத்துக்கு ரசீதும் படங்களும் கேட்பார்கள், முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அந்தக் காரைப் பார்க்கப் போகும்போது டார்ச், கைக்கண்ணாடி, துணி சுற்றிய காந்தம், சின்ன சுத்தியல், படுக்க ஒரு அட்டை எடுத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. முதலில் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கி இரண்டு ஓரக் குழிகளிலும் கையை விட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா என்று. பிறகு பின் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அந்த நான்கு இடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், எஞ்சின் படம் வேண்டாம். பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.